நிறம் ஒன்று, குணம் வேறு

பங்கு மக்கள் தங்கள் பங்குத் தந்தையிடம் வாசித்துச் சொல்லும்படி கொண்டுவரும் காகிதங்களைத் தொகுத்து வைத்தால், ஓர் ஊரின் வரலாற்றையே எழுதிவிடலாம். முத்தியால்பேட்டை போன்ற பழைய குடியிருப்புக்கு இது மிகவும் பொருந்தும். பிரான்சிலிருந்து வரும் ஓய்வூதியக் கடிதம், மருத்துவமனையின் சோதனை முடிவு, வங்கியின் அறிவிப்பு, பாட்டனார் காலத்துப் பிரெஞ்சுப் பத்திரம், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் என எத்தனையோ என் மேசைக்கு வந்து போகின்றன. சென்ற ஆண்டு இந்த வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்தது. அது ஒரு காலி ஆயில் டப்பா.

அதைக் கொண்டுவந்தவர் நாற்பது வயதைக் கடந்த ஒரு பங்குச் சகோதரர். குழந்தைப் பருவத்தில் கண்ட இளம்பிள்ளை வாதத்தால் அவருடைய இடக்கால் வலுவிழந்தது. கிளட்சை மிதிக்க இயலாத அவருக்குக் கார் ஓட்டுவது நெடுங்காலம் எட்டாக் கனியாகவே இருந்தது. கிளட்ச் இல்லாத தானியங்கிக் கியர் வண்டிகள் நம் நாட்டில் பெருகி, பழைய வண்டிகளும் ஓரளவு மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னர், பிரான்சில் வாழும் தாய்மாமனின் உதவியோடு ஒன்றை வாங்கினார். வாடகை உரிமமும் முறைப்படி பெற்றார். செல்வர்க்குச் சொகுசாக இருக்கும் ஒரு வசதி அவருக்குக் காலாக அமைந்தது. சிறுநீரகம் பழுதுற்ற மூவரை வாரந்தோறும் குறித்த நாட்களில் இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் சென்று, காத்திருந்து, மீண்டும் வீடு சேர்ப்பதே அவர் தொழில். அந்த மூவருள் இருவர் தனியே படியிறங்கவும் முடியாதவர்கள்.

அவருடைய வண்டியின் கியர்ப் பெட்டிக்கு எண்ணெய் மாற்றிய சில நாட்களில் தொல்லை தொடங்கியது. புறப்படும்போது வண்டி குளிர் காய்ச்சல் கண்டவரைப் போல் நடுங்கிற்று. வேகம் கூட்டினால் இயந்திரம் உறுமியதேயன்றி வண்டி அதற்கேற்ப முன்னேறவில்லை. ஊற்றப்பட்ட எண்ணெயின் டப்பாவையும் வண்டியோடு வந்த கைந்நூலையும் என் முன் வைத்து, “ரெண்டுலயும் இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கு சாமி. ஒண்ணுதானா, வேறயான்னு படிச்சுச் சொல்லுங்க” என்றார்.

குருமடத்தில் எங்களுக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்கள்; கியர்ப் பெட்டியைப் பற்றி யாரும் கற்பிக்கவில்லை. ஆயினும் பழைய தத்துவப் பேராசிரியர்கள் அடிக்கடி வழங்கிய இலத்தீன் சொல் ஒன்று உண்டு: திஸ்திங்குவோ. “நான் வேறுபடுத்திப் பார்க்கிறேன்” என்பது அதன் பொருள். ஒன்றுபோல் தோன்றும் இரு கூற்றுகளை ஒன்றென ஒப்புக்கொள்ளுமுன், அவை எவ்வகையில் ஒன்று, எவ்வகையில் வேறு எனப் பிரித்துக் காண வேண்டும் என்பது அப்பாடம். அன்று எனக்கு உதவியது அதுவே. கைந்நூலில் ஓர் எண்ணெயின் பெயரும் குறியீடும் தெளிவாக அச்சிடப்பட்டு, வேறு எதையும் ஊற்ற வேண்டா என்ற எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டிருந்தது. டப்பாவிலோ அந்தப் பெயர் இல்லை. “தானியங்கிக் கியர் வண்டிகளுக்குப் பொருத்தமானது” என்ற பொதுச் சொல்லே இருந்தது. ஒன்று வீட்டு எண்ணோடு கூடிய முகவரி. மற்றொன்று ‘இந்தத் தெருவில் எங்கோ’ என்பது போன்ற குறிப்பு.

இந்த வேறுபாடு ஏன் இத்துணை முக்கியம்? இதை அறிய, அந்த எண்ணெய் செய்யும் ஊழியத்தை அறிய வேண்டும்.

சாதாரணக் கியர்ப் பெட்டியில் எண்ணெயின் தலையாய வேலை, பற்சக்கரங்கள் தேயாமல் காப்பது. தானியங்கிப் பெட்டியிலோ அது நான்கு ஆள் வேலையை ஒருங்கே செய்கிறது. முதலாவது, ஆற்றலைக் கொண்டு சேர்க்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அதன் காற்றால் மற்றதும் சுழலும் அன்றோ? அதுபோல இயந்திரத்தோடு இணைந்த ஒரு சுழலி எண்ணெயை வீச, அந்த வீச்சினால் எதிரேயுள்ள சுழலி சுழன்று வண்டியை நகர்த்துகிறது. இரண்டாவது, அழுத்தமேற்றப்பட்ட எண்ணெய் உள்ளிருக்கும் கிளட்ச் வில்லைகளை நெருக்கியும் விடுத்தும் கியரை மாற்றுகிறது. நம் இடக்காலும் இடக்கையும் செய்யும் வேலை அது. மூன்றாவது, தேய்மானத்தைத் தடுக்கிறது. நான்காவது, அங்கே எழும் வெப்பத்தை வெளியே சுமந்து செல்கிறது.

இவற்றுள் நுட்பமானது இரண்டாவது வேலை. பற்சக்கரங்களுக்கு எண்ணெய் வழுக்க வேண்டும். கிளட்ச் வில்லைகளுக்கு அதே எண்ணெய் பிடிப்புக் கொடுக்க வேண்டும். அதிகம் வழுக்கினால் வில்லைகள் நழுவித் தேய்ந்து கருகும். அதிகம் பற்றினால் கியர் விழும்போது வண்டி முரட்டுத்தனமாக உதறும். எவ்வளவு வழுக்கல், எவ்வளவு பிடிப்பு என்ற அளவை அந்தந்தப் பெட்டியை வடித்தவர்கள் தீர்மானித்து, அதற்கேற்ற மருந்துகளைக் கலந்தே எண்ணெயைச் சமைக்கச் சொல்கிறார்கள். அந்தச் சமையலின் பெயர்தான் டப்பாவில் நாம் தேட வேண்டிய குறியீடு.

இந்த வரலாறு சற்று நெடியது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-இல் ஹைட்ரா-மேட்டிக் என்னும் தானியங்கிக் கியரை அறிவித்து, 1940-ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் பொருத்தியது. தனியாக ஓர் எண்ணெய் இலக்கணத்தை அது 1949-இல் ‘டைப் ஏ’ என்ற பெயரில் வகுத்தது. 1967-இல் ‘டெக்ஸ்ரான்’ என்ற பெயர் வந்தது. அந்தக் காலத்து எண்ணெய்களில் வழுக்கலைச் சீராக்கச் சேர்க்கப்பட்ட பொருள் என்ன தெரியுமா? எண்ணெய்த் திமிங்கிலத்தின் நெய்! யோனாவை விழுங்கியது எந்த மீன் என்று மறைநூல் வல்லுநர் வாதிடலாம்; கார்களின் கியர்ப் பெட்டிகள் திமிங்கிலத்தை விழுங்கியது உண்மை. 1970-இல் அந்த உயிரினம் அழிவை நெருங்குவதாக அமெரிக்க அரசு பட்டியலிட்டபின் அதன் நெய்யைப் பயன்படுத்த இயலாமற் போயிற்று. மாற்றாகச் சமைக்கப்பட்ட புதிய எண்ணெய்களுள் ஒன்று, குளிர்விப்பானின் பற்றவைப்புகளை அரித்து வேறு துன்பத்தைத் தந்தது. பின்னர் அதுவும் திருத்தப்பட்டது. ஒரு பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது பெரிய தொழிற்கூடங்களுக்கே இத்துணை அரிதாயின், தெருமுனைப் பட்டறையில் அதை எளிதென எண்ணலாமா?

அதே காலத்தில் ஃபோர்டு நிறுவனம் ‘டைப் எஃப்’ என்ற எண்ணெயை வகுத்தது. ஜெனரல் மோட்டார்ஸின் எண்ணெய் வில்லைகளை மெல்லப் பற்றச் செய்வது. ஃபோர்டின் எண்ணெயோ இறுகப் பற்றச் செய்வது. இரண்டும் சிவப்பே. நம்மவர்க்கு ஒரு நினைவு: 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு எழுந்தருளிய திருத்தந்தை ஆறாம் பவுல், தமக்கு அன்பளிப்பாக வந்த லிங்கன் காரை அன்னை தெரசாவிடம் கொடுத்துச் சென்றார். அன்னை அதில் ஏறிச் செல்லவில்லை. குலுக்கலுக்கு விட்டு, வந்த பணத்தைத் தொழுநோயாளரின் குடியிருப்புக்கு ஆக்கினார். லிங்கன், ஃபோர்டு நிறுவனத்தின் தானியங்கிக் கியர் வண்டி. நம் நாட்டுச் சாலைகளில் அத்தகைய வண்டிகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாக இருந்த காலம் அது.

இன்றைய நிலை வேறு. 2014 பிப்ரவரியில் மாருதி சுசுகி, செலேரியோ என்ற சிறிய காரில் ஏ.எம்.டி. என்னும் எளிய வகைத் தானியங்கிக் கியரைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் அம்பாசிடர் காரின் உற்பத்தி நின்றது. ஒரு யுகம் முடிந்து மற்றொன்று தொடங்கியதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமோ? முழங்கால் நோவுற்ற முதியோரும், புதிதாக ஓட்டக் கற்கும் தாய்மாரும் இப்போது இத்தகைய வண்டிகளையே விரும்பி வாங்குகின்றனர்.

ஆனால் ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது நான்கு வகைகள் அடங்கியுள்ளன என்பதைப் பலர் அறியார். முதலாவது, நான் மேலே விளக்கிய பழைய முறை. டார்க் கன்வெர்ட்டர் என்பர். ஏ.டி.எஃப். என்று கடைகளில் கேட்கும் எண்ணெய் இதற்குரியது. இரண்டாவது சி.வி.டி.; இதில் விட்டம் மாறும் இரண்டு கப்பிகளுக்கு இடையே, பெரும்பாலும் எஃகாலான ஒரு பட்டை ஓடுகிறது. எஃகு எஃகைப் பற்றி இழுக்க வேண்டியிருப்பதால் இதன் எண்ணெய் முற்றிலும் வேறு சமையல். மூன்றாவது ஏ.எம்.டி.; இது உண்மையில் நம் பழைய கியர்ப் பெட்டிதான், கிளட்சையும் கியரையும் மட்டும் ஒரு கருவி இயக்குகிறது. எனவே பெட்டிக்குச் சாதாரணக் கியர் ஆயிலும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கருவியாயின் அதற்கெனத் தனி எண்ணெயும் வேண்டும். நான்காவது இரட்டைக் கிளட்ச் வகை. இதிலும் கிளட்ச் எண்ணெயில் நனைவது ஒன்று, உலர்ந்தே இயங்குவது ஒன்று என இரு பிரிவுகள் உண்டு. ஓட்டுபவர் இருக்கையிலிருந்து பார்த்தால் நான்கிலும் இரண்டே மிதிகள். உள்ளே நான்கும் நான்கு உலகங்கள்.

நம் சகோதரரின் வண்டி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதில் ஊற்றப்பட்டதோ முதல் வகைக்குரிய சிவப்பு எண்ணெய். எஃகுப் பட்டை பிடிப்பிழந்து நழுவியதே அந்த நடுக்கத்தின் காரணம்.

பட்டறைக்காரரை அழைத்துக் கேட்டேன். அவர் வஞ்சகர் அல்லர். அம்பாசிடர் காலத்திலிருந்து கைத்தொழிலால் பிழைக்கும் நல்ல உழைப்பாளி. “எல்லாம் ஒண்ணுதான் சாமி. அதுவும் ஆட்டோமேட்டிக் ஆயில், இதுவும் ஆட்டோமேட்டிக் ஆயில்தானே?” என்று உள்ளபடியே வியந்து கேட்டார். கைந்நூலின் வரியையும் டப்பாவின் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் மொழிபெயர்த்துச் சொல்லியபோது அவர் முகம் வாடிற்று. நெடுநேரம் பேசாதிருந்து, “கூலி வேணாம். நானே சரிபண்ணித் தர்றேன்” என்றார்.

இதற்கிடையில் நிகழ்ந்தது ஒன்று என் மனத்தைவிட்டு அகலவில்லை. வண்டி நின்றுபோன நாட்களில் நோயாளிகள் மூவரையும் ஆட்டோவில் அனுப்ப ஏற்பாடு செய்தோம். அவர்களுள் முதியவரான ஓர் அன்னை, மூன்று சக்கர வண்டியின் குலுக்கலுக்கு அஞ்சி ஒருநாள் போகாமலே தங்கிவிட்டார். மறுநாள் இரவு அவருக்கு மூச்சுத் திணறியது. மருத்துவமனை வண்டி வருவதற்குள் நோயாளர் எண்ணெயோடு நான் அவர் இல்லம் சேர்ந்தேன். இறையருளால் அவர் பிழைத்தெழுந்தார். ஆயினும், ஒரு டப்பாவின் மேல் எழுதப்பட்ட ஒரு வரி வாசிக்கப்படாமற் போனதன் தொலைவு எவ்வளவு என்பதை அன்றிரவு அந்தக் கட்டிலருகே நின்று அளந்துகொண்டேன். பட்டறையில் தொடங்கிய அந்தக் கோடு, மூன்று தெரு கடந்து, ஒரு மூதாட்டியின் மூச்சுவரை நீண்டிருந்தது.

கையில் பிடித்திருந்த அந்தச் சிறு சிமிழே எனக்கு ஒரு பாடமாயிற்று. ஆண்டுதோறும் புனித வாரத்தில் பேராயர் தம் குருக்கள் சூழ மூன்று எண்ணெய்களை அர்ச்சிக்கிறார்: நோயாளர் எண்ணெய், திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்வோருக்கான எண்ணெய், கிறிஸ்மா எண்ணெய். மூன்றும் வழக்கமாக ஒலிவ எண்ணெயே. கிறிஸ்மாவில் நறுமணத் தைலம் சேரும். ஏனைய இரண்டையும் கண்ணால் பார்த்தோ மூக்கால் முகர்ந்தோ பிரித்தறிய எவராலும் இயலாது. ஆகவேதான் சிமிழ்களின் மேல் எழுத்துகளைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். குழந்தையின் மார்பில் பூசுவது வேறு, உறுதிபூசுதலில் நெற்றியில் பூசுவது வேறு, நோயுற்றவரின் நெற்றியிலும் கைகளிலும் பூசுவது வேறு. எழுத்தை வாசிக்காமல் எந்தக் குருவும் சிமிழைத் திறப்பதில்லை. ‘எல்லாம் எண்ணெய்தானே’ என்று ஒரு குரு சொல்லக் கேட்டால் பங்கு மக்கள் பொறுப்பார்களா?

நிறத்தை நம்புவது குறித்து இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சு நாட்டோடு பல தலைமுறைத் தொடர்புடைய நம்மூரார்க்கு சிட்ரோயன் டி.எஸ். என்ற கார் தெரிந்த பெயர். புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அந்தக் கார் அறிமுகமானது. 1962 ஆகஸ்ட் 16 அன்று நம் இணைப்பு சட்டப்படி முழுமை பெற்றது. அதற்கு ஆறு நாட்கள் கழித்து, தம்மைக் கொல்ல வந்தவர்களின் குண்டுமழைக்குள்ளிருந்து ஜெனரல் தெகோல் தப்பிச் சென்றது அத்தகைய காரில்தான். வண்டியைத் தாங்குவது, திருப்புவது, நிறுத்துவது, கியர் மாற்றக் கிளட்சை இயக்குவது ஆகிய அனைத்தையும் ஒரே எண்ணெயின் அழுத்தம் செய்தது அதன் சிறப்பு. முதலில் வழங்கிய சிவப்புத் திரவம் ஈரத்தை உறிஞ்சி உட்பகுதிகளைத் துருவேற்றியதால், 1966-இல் கனிம எண்ணெய் ஒன்றுக்கு மாறினார்கள். பழையதற்குரிய இரப்பர் வளையங்களைப் புதியது கெடுக்கும். புதியதற்குரியவற்றைப் பழையது கெடுக்கும். எனவே புதிய எண்ணெய்க்குப் பச்சை நிறம் ஏற்றி, அதற்குரிய உறுப்புகளுக்கும் பச்சை வண்ணம் பூசினார்கள். பச்சைக்குப் பச்சை என்பது எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் விளங்கும் அன்றோ? அங்கே நிறத்தைத் திட்டமிட்டே வழிகாட்டியாக வைத்தார்கள். இன்று அதே சிட்ரோயன் பெயரில் திருவள்ளூர் ஆலையிலிருந்து வண்டிகள் வருகின்றன.

ஏ.டி.எஃப். எண்ணெயின் சிவப்போ அத்தகைய வழிகாட்டி அன்று. வண்டியின் கீழே எண்ணெய் சொட்டினால், அது இயந்திரத்தின் எண்ணெயா கியர்ப் பெட்டியின் எண்ணெயா என்று அறிவதற்காகச் சேர்த்த வெறுஞ்சாயம் அது. எல்லா நிறுவனத்தாரும் அதே சாயத்தைச் சேர்த்தால் சிவப்புக்குள் சிவப்பைப் பிரிப்பது எப்படி? இதுபோக நீலமாகவும் பச்சையாகவும் மஞ்சளாகவும் எண்ணெய்கள் உண்டு. நிறம் ஒன்றாயிருப்பதால் குணம் ஒன்றாகிவிடாது.

இனி வண்டி வைத்திருக்கும் குடும்பத்தார் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, உங்கள் வண்டி மேற்சொன்ன நால்வகையுள் எதைச் சேர்ந்தது என்பதைத் திட்டமாக அறியுங்கள். இரண்டாவது, கைந்நூலை எடுத்து, எண்ணெயின் பெயரையும் குறியீட்டையும் எழுத்துக்கு எழுத்து ஒரு காகிதத்தில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். பழைய வண்டியை வாங்கும்போது கைந்நூலையும் கேட்டு வாங்குங்கள். அது தொலைந்திருந்தால், அளவுகோல் உள்ள வண்டிகளில் அதன் பிடியில் சிலவேளை பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். இல்லையேல் சேசிஸ் எண்ணைக் காட்டி, அந்த நிறுவனத்தின் சேவை நிலையத்தில் கேட்கலாம். ஒரே நிறுவனத்தின் இரு எண்ணெய்களும் ஒன்றுக்கொன்று மாற்றாகும் என நினையாதீர்கள். டொயோட்டாவின் பழைய டி-4 என்ற எண்ணெய்க்குப் பதிலாக, அதைவிட நீர்த்த டபிள்யூ.எஸ். என்ற எண்ணெயை ஊற்றலாகாது என்பது அந்நிறுவனமே விதித்த விதி.

மூன்றாவது, டப்பாவின் சொற்களைத் திஸ்திங்குவோ செய்யுங்கள். வண்டி நிறுவனம் சோதித்து உரிமம் வழங்கியது என்பது ஒரு கூற்று. எண்ணெய் விற்பவரே ‘இவ்வண்டிக்குப் பொருந்தும்’ எனத் தம் பொறுப்பில் சொல்வது வேறொரு கூற்று. பின்னது பொய் என்று நான் சொல்லவில்லை. நல்ல நிறுவனத்தார் ஆராய்ந்தே சொல்கிறார்கள். ஆனால் உங்கள் குறியீடு அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ‘எல்லா வண்டிக்கும்’ என்ற சொல்லைக் கண்டால் இருமுறை யோசியுங்கள். எல்லார்க்கும் தைத்த சட்டை ஒருவர்க்கும் சரியாக இராது.

நான்காவது, அளவு. கூடினாலும் கெடுதி, குறைந்தாலும் கெடுதி. மிகுதியாக ஊற்றினால் பற்சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையால் அழுத்தம் தர முடியாது. அளவு பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி வேறுபடும். சிலவற்றில் அளவுகோலே இராது. எண்ணெய் குறித்த வெப்பத்தில் இருக்கும்போது ஓர் ஆணியைக் கழற்றி, வழிவதைக் கொண்டு அளக்க வேண்டும். அது பயின்றவர் செய்ய வேண்டிய வேலை.

ஐந்தாவது, காலம். சில நிறுவனத்தார் ‘ஆயுள் முழுமைக்கும் மாற்ற வேண்டா’ என்பார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்பது நல்லது! வெப்பம் பத்துப் பாகை உயருந்தோறும் எண்ணெய் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகக் கெடும் என்பது பொறியாளர் வழங்கும் பொது விதி. அக்கினி நட்சத்திர வெயிலில், நம் மகாத்மா காந்தி சாலை நெரிசலில் நின்று நின்று ஊரும் வண்டிக்கு இது முழுவதும் பொருந்தும். கைந்நூலில் கடினமான பயன்பாட்டுக்குத் தனிக் கணக்கு இருக்கும்; நமக்குரியது அதுவே. எண்ணெயில் கருகல் வாடை வீசினால் காலந்தாழ்த்தாதீர்கள். ரோஸ்மில்க் போலப் பால் கலந்த நிறம் கண்டால், ரேடியேட்டர் நீர் உள்ளே கசிந்துவிட்டது என்று பொருள். வண்டியை ஓட்டாமல் அங்கேயே நிறுத்துங்கள்.

ஆறாவது, முத்திரை உடைக்காத டப்பாவை இரசீதோடு வாங்கி, உங்கள் கண்முன் திறக்கச் செய்யுங்கள். காலியான டப்பாவை நசுக்கிப் போடுங்கள். நல்ல பெயர் கொண்ட டப்பாவில் போலிச் சரக்கை நிரப்பி விற்போர் உண்டு. தவறான எண்ணெய் ஊற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால் மேற்கொண்டு ஓட்டிச் சோதிக்க வேண்டா. உடனே வடித்துவிடுவதே நலம்.

வடிப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. கீழ் ஆணியைத் திறந்தால் உள்ளிருக்கும் எண்ணெய் முழுதும் வந்துவிடாது. பல வண்டிகளில் ஏறக்குறைய பாதியே இறங்கும். நம் சகோதரரின் வண்டிக்கு அந்தப் பட்டறைக்காரர் மும்முறை வடித்து, மும்முறை சரியான எண்ணெயை ஊற்றினார். முதல் முறைக்குப் பின் தவறான எண்ணெய் அரை. இரண்டாம் முறைக்குப் பின் கால். மூன்றாம் முறைக்குப் பின் அரைக்கால். எண்ணெயின் விலையைப் பங்கின் ஏழைகள் நிதியிலிருந்து கடனாகத் தந்தோம். மாதந்தோறும் தவறாமல் அடைத்து வருகிறார். நடுக்கம் நீங்கிற்று. மெல்லிய இரைச்சல் மட்டும் எஞ்சியிருக்கிறது. பட்டை பட்ட காயம் எண்ணெயால் ஆறுவதன்று; இரும்புக்கு அத்தகைய வரம் அளிக்கப்படவில்லை. நோயாளிகள் மூவரும் மீண்டும் அந்த வண்டியிலேயே செல்கின்றனர். பட்டறைக்காரர் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். வரும் ஒவ்வொரு வண்டியின் கைந்நூலையும் வாங்கி, எண்ணெயின் பெயரைத் தம் பள்ளிக்கூட மகளைக் கொண்டு அதில் எழுதிக்கொண்ட பின்னரே டப்பாவைத் திறக்கிறார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, நல்ல மனம் இருந்தால் போதும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பட்டறைக்காரருக்கு நல்ல மனம் குறைவின்றி இருந்தது. எனினும் நல்ல மனத்தோடு சரியான அறிவும் சேராதபோது துன்புறுபவர் யார்? குளிர்காற்று வண்டியில் செல்பவர் அல்லர். ஒரே வண்டியை நம்பியவர், ஒரே மகனை நம்பியவர், வாரந்தோறும் ஒரு நாற்காலியில் சாய்ந்து உயிரை மீட்டுக்கொண்டு வருபவர். நுணுகிச் செய்வதும் பிறரன்பின் ஒரு வடிவமே. மருந்தை அளந்து கொடுக்கும் செவிலியும், கணக்கை ஒருமுறைக்கு இருமுறை கூட்டிப் பார்க்கும் எழுத்தரும், ஆணியை முறுக்கிய பின்னும் ஒருமுறை தொட்டுப் பார்க்கும் தொழிலாளியும் பிறரன்பின் செபத்தைக் கைகளால் சொல்கிறவர்கள்.

நம் ஆண்டவர் புதிய திராட்சை இரசத்தையும் பழைய தோற்பையையும் பற்றிப் பேசியபோது, இரசத்தையும் இகழவில்லை, தோற்பையையும் இகழவில்லை; எது எதற்குரியது என்பதையே உணர்த்தினார். அந்தச் சிவப்பு எண்ணெயும் தீயது அன்று; தனக்குரிய பெட்டியில் அது நல்ல ஊழியனே. நம் இல்லங்களிலும் ஒரு பிள்ளைக்குப் பொருந்திய கண்டிப்பு மற்றொரு பிள்ளையை உடைக்கிறது. ஒருவருக்கு ஆறுதலாகும் சொல் மற்றவருக்கு எரிச்சலாகிறது. வெளிப்பார்வைக்கு எல்லாரும் ஒரே வார்ப்புப் போலத் தோன்றினும், ஒவ்வொருவரையும் வடித்தவர் ஒவ்வொரு விதமாக வடித்திருக்கிறார். ஆகவே ஊற்றுமுன் வாசியுங்கள், அறியாததைக் கேளுங்கள், கேட்க நாணுபவருக்கு நீங்களே வாசித்துச் சொல்லுங்கள். அந்தச் சிறு உதவி எந்தத் தெருவில் யாருடைய மூச்சைக் காக்கும் என்பதை ஆண்டவர் ஒருவரே அறிவார்.